காற்று வாடகைக்கு!

தாயில்பட்டி என்ற பெயரை நீங்கள் படித்திருந்தால், அநேகமாக ஒரு விபத்துச் செய்தியில்தான் படித்திருப்பீர்கள். விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டம், சிவகாசிக்குப் பக்கம். 'கந்தக பூமி' என்று நம் நிருபர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தப் பூமியில் இருக்கிற ஊர். வெயில், சீமைக் கருவேலம், தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ஷெட்டுகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாதே, அதற்காக அந்த இடைவெளி.

பட்டாசைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு சத்தம். மைக் சத்தம்.

ஊருக்குள் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் 'ரேடியோ செட்டு' என்றுதான் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல் எதுவானாலும் அண்ணாச்சிதான். அறுபதைத் தாண்டியவர். அப்பா காலத்துத் தொழில். இப்போது மகனும் சேர்ந்துகொண்டு, விசேஷங்களைச் செல்போனில் எடுத்து யூடியூபில் நேரலையும் போடுகிறார்கள். துபாயில் இருக்கிற பிள்ளையும் திருப்பூரில் இருக்கிற மருமகளும் ஊர்ப் பொங்கலைப் பார்க்க வேண்டாமா?

கடை அலமாரியில் மூன்று டப்பாக்கள். மூன்றிலும் கார்டுலெஸ் மைக். சட்டையில் மாட்டிக்கொள்கிற, தீப்பெட்டி அளவு சமாச்சாரம்.

"என்ன அண்ணாச்சி, மூணு வச்சிருக்கீங்க?"

"மூணும் நல்லாத்தான் இருக்கு தம்பி. மூணும் ஆகாது" என்றார்.

புரியவில்லை. விளக்கினார். முதலாவது, மகனின் ஐபோனில் சொருகுகிற மாதிரி வாங்கியது. மகன் போனை மாற்றினான். புதுப் போனில் சார்ஜர் ஓட்டையே வேறு வடிவம். மைக்கின் சொருகி உள்ளே போகாது. மைக் பழுதா? இல்லை. ஆனால் ஆகாது. இரண்டாவது, ஒருவர் மட்டும் பேசக்கூடியது. வாங்கி மூன்றே மாதத்தில், அதே காசுக்கு இரண்டு பேர் பேசுவது, காற்றிரைச்சலை அடக்குவது என்று அடுத்தது கடைக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டில், "என்ன அண்ணாச்சி, பழைய மாடலா?" என்று ஒரு பொடியன் கேட்டானாம். அந்தக் கேள்வியில் பிறந்தது மூன்றாவது டப்பா. அதற்கு அண்ணாச்சி வீட்டம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்திருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. எத்தனை வெடி சுற்றினாரோ அத்தனைக்குக் கூலி. கடன் போதாமல், அப்பா காலத்து ஒயர் மைக்கையும் பழைய ஆம்ப்ளிஃபயரையும் மதுரையில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்திருக்கிறார் அண்ணாச்சி.

பங்குனிப் பொங்கல் ராத்திரி. வில்லுப்பாட்டு. ஊரே கூடி நிற்கிறது. எல்லார் கையிலும் செல்போன். பாட்டுக்காரர் சட்டையில் மூன்றாவது டப்பா மைக். கதை உச்சத்துக்குப் போகிற நேரத்தில், மைக் வார்த்தைகளை விழுங்க ஆரம்பித்துவிட்டது. ரெண்டு வார்த்தை வரும், மூணாவது வராது. கூட்டம் விசில் அடித்தது. கடைசியில் பக்கத்துச் சர்ச்சில் ஓர் ஒயர் மைக் இரவல் வாங்கி ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

"மைக்கு நின்னு போச்சு. தவணை நிக்கல தம்பி" என்றார் அண்ணாச்சி.

அவர் ஏமாளி இல்லை. நாற்பது வருஷமாக இதே தொழிலில் இருப்பவர். அவரை ஏமாற்றியது மைக்கா, கடைக்காரரா, கம்பெனியா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பிறகு கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது, இது 70, 80 வருடத்துக் கதை என்று தெரிந்தது. வாருங்கள், முதலில் மைக்கே இல்லாத காலத்துக்குப் போய்விட்டு வரலாம்.

* * *

இதே சிவகாசியில் 1886-ல் பிறந்தவர் விசுவநாததாஸ். பிற்பாடு திருமங்கலத்தில் குடியேறிய நாடக நடிகர். முருகன் வேஷம் கட்டி, 'வள்ளி திருமணம்' நாடகத்தின் நடுவே வெள்ளைக்காரனைக் கிண்டல் செய்து பாடுவார். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். தொண்டைதான் மைக், நெஞ்சுக்கூடுதான் ஆம்ப்ளிஃபயர். அந்தப் பாட்டை நிறுத்த அரசாங்கம் என்ன செய்தது? ஆளையே பிடித்து உள்ளே போட்டது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பல தடவை. 1940 டிசம்பர் 31-ம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

குரலை நிறுத்த வேண்டுமென்றால் ஆளைத்தான் பிடிக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மைக் நம் நாட்டு மேடைகளுக்குப் பரவலாக வந்தது 1930-களில். காந்தி, நேரு பேசுகிற பழைய போட்டோக்களைக் கூர்ந்து பாருங்கள். மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று ஒரு பெயர்ப்பலகை தெரியும். அமெரிக்கக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்தான் சிகாகோ, ஆள் நம்ம ஆள். பம்பாயைச் சேர்ந்த நானிக் மோட்வானி. காங்கிரஸ் கூட்டம் எங்கே நடந்தாலும் ஒலிபெருக்கியோடு போய் நின்றவர். தலைவர்களுக்கு முன்னால் தன் கம்பெனிப் பெயர் தெரிகிற மாதிரி மைக்கை வைத்தாரே, விளம்பரத்தில் அவரை மிஞ்ச இன்னொருவர் பிறந்துதான் வர வேண்டும்!

அதன் பிறகு தமிழ்நாட்டு அரசியலே மைக்கில்தான் நடந்தது. குழாய் கட்டாத தெரு இல்லை, 'மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' கேட்காத சாயங்காலம் இல்லை. ஒயர் மைக் என்பது லேசுப்பட்ட சாமான் இல்லை. கீழே விழும், மழையில் நனையும், மேடையில் இரண்டு கோஷ்டி அடித்துக்கொண்டால் ஆயுதமாகவும் பயன்படும். மறுநாள் துடைத்துவிட்டுச் சொருகினால் பேசும். உலக மேடைகளில் பாடகர்கள் பிடித்துக்கொண்டு பாடுகிற ஷ்யூர் கம்பெனியின் எஸ்எம்58 என்ற மைக், 1966-ல் வந்தது. இன்றைக்கும் அதே உருவத்தில் விற்கிறது. அப்போது வாங்கியவருக்கும் இப்போது வாங்கியவருக்கும் இடையில் 'பழைய மாடலா?' என்ற கேள்வியே கிடையாது.

ஒரே தொல்லை, ஒயர். காலில் சிக்கும். நடக்க முடியாது, ஆட முடியாது. நாடகத்தில் கதாநாயகன் பத்தடி தள்ளிப் போனால் வசனம் காணாமல் போய்விடும்.

* * *

அந்த ஒயரை அறுத்தவர்களில் ஒருவர் ரெக் மூர்ஸ். இங்கிலாந்துக்காரர். பனிச்சறுக்கு ஆடுபவர், கூடவே எலெக்ட்ரானிக்ஸ் கிறுக்கும் உண்டு. பனித்தரையில் வழுக்கிக்கொண்டே வசனம் பேச வேண்டும். அங்கே ஒயரை இழுத்துக்கொண்டு திரிந்தால் என்ன ஆகும்? விழுந்து பல் போகும். எனவே 1947-ல் ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டரை அவரே செய்தார். 1949-ல் பிரைட்டன் நகரத்தில் 'அலாவுதீன்' பனிச்சறுக்கு நாடகத்தில், மந்திரவாதி வேஷக்காரரின் உடைக்குள் அதை ஒளித்து வைத்தார். பிரமாதமாக வேலை செய்தது.

அப்படியென்றால் காப்புரிமை வாங்கிக் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே என்கிறீர்களா? ம்ஹூம். வாங்கவே இல்லை. ஏன் தெரியுமா? அவர் பயன்படுத்திய அலைவரிசைக்கு அவரிடம் லைசென்ஸ் இல்லை. காப்புரிமை கேட்டுப் போனால், 'ஐயா, நான் திருட்டுத்தனமாக ஒலிபரப்பு செய்தேன்' என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தன் கருவியை 1972-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கவனித்தீர்களா? கம்பியில்லா மைக் பிறந்த அன்றே அதன் வில்லங்கமும் கூடவே பிறந்துவிட்டது. ஒயர் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. அதில் ஓடுகிற குரலுக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. காற்று அப்படி இல்லை. அதற்கு வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் அரசாங்கம்.

1953-ல் ஷ்யூர் கம்பெனி மேடைக் கலைஞர்களுக்காக ஒரு கம்பியில்லா மைக் விட்டது. பெயர் 'வேகபாண்ட்', அதாவது நாடோடி. இந்த நாடோடி எவ்வளவு தூரம் போகும்? சுமார் 15 அடி! நம்ம வீட்டு ஹாலைத் தாண்டாது. 1957-ல் ஜெர்மனியில் பிற்பாடு சென்ஹைசர் என்று பெயர் மாறிய கம்பெனி, ஒரு வானொலி நிறுவனத்தோடு சேர்ந்து 'மிக்ரோபோர்ட்' செய்தது. இது 300 அடி போனது. 1964-ல் 'மை ஃபேர் லேடி' படத்தில் ரெக்ஸ் ஹாரிசன், முன்கூட்டியே பாட்டைப் பதிவு செய்துவிட்டு வாயசைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவருடைய கழுத்து டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்து வைத்து, நடிக்கும்போதே பதிவு செய்தார்கள். அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது. 1979-ல் பாடகி கேட் புஷ் ஆடிக்கொண்டே பாடுவதற்காக, கோட் மாட்டுகிற கம்பியை வளைத்துத் தலையில் மாட்டும் மைக் செய்துகொடுத்தார்கள். இன்றைக்கு நம்மூர் பட்டிமன்றப் பேச்சாளர்வரை கன்னத்தோரம் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு முன்னோடி ஒரு கோட் ஹேங்கர்.

* * *

காற்றுக்கு வீட்டுக்காரர் உண்டு என்றேனே, அதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள், ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தாலும் கிடைக்கும். போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பேசுவதற்கு இல்லை, வெறுமனே கேட்பதற்கு! 1933-ல் வெள்ளைக்காரன் போட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது. வீட்டு ரேடியோவுக்கான லைசென்ஸ் 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வர 2023 ஆயிற்று.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அண்ணாச்சிக்கு நடந்ததை, அமெரிக்கா முழுவதற்கும் நடத்திக் காட்டினார்கள் அங்கே.

டி.வி. சேனல்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைகளில், எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சேனல் காலியோ அங்கே கம்பியில்லா மைக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. சர்ச்சுகள், பள்ளிக்கூடங்கள், பிராட்வே நாடக அரங்குகள் என்று எல்லா இடத்திலும். ஒழுங்காக லைசென்ஸ் வாங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான். 'மைக்குக்குப் போய் யார் லைசென்ஸ் கேட்கப் போகிறார்கள்' என்ற மிதப்பு. இந்த நேரத்தில் டி.வி. டிஜிட்டலுக்கு மாறியது. மாறினால் இடம் மிச்சமாகும். மிச்சமான 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2008-ல் செல்போன் கம்பெனிகளுக்கு ஏலம் விட்டார்கள். சுமார் 1,900 கோடி டாலர் வந்தது.

அப்புறம் என்ன? 2010 ஜனவரி 15-ம் தேதி உத்தரவு வந்தது. அந்தப் பட்டையில் ஓடும் மைக்குகள் எல்லாம் ஜூன் 12-ம் தேதிக்குள் வாயை மூட வேண்டும். ஐந்து மாதம்கூட இல்லை. மைக் நன்றாக இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, குரல் கணீரென்று வருகிறது. ஆனால் ஆன் செய்தால் குற்றம்.

நமக்கு இது புரிய 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணியை நினைத்துக்கொண்டால் போதும். கையில் இருந்த 500 ரூபாய் நோட்டு கிழியவில்லை, காந்தி சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் செல்லாது! அந்த நோட்டையாவது பேங்கில் கொடுத்து மாற்றிக்கொள்ள முடிந்தது. மைக்கை எந்த பேங்க் வாங்கும்? கம்பெனிகள், 'பழசைக் கொடுங்கள், புதுசில் தள்ளுபடி தருகிறோம்' என்றன. அவர்களுக்கென்ன, ஒரு நாடே திரும்ப மைக் வாங்குகிறது!

அடித்துப் பிடித்து வாங்கினார்கள். பலர் வாங்கியது 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையில். 'அப்பாடா, இனிமேல் தொல்லையில்லை' என்று உட்கார்ந்தார்கள்.

2017-ல் அந்த 600-ஐயும் ஏலம் விட்டார்கள்.

சுமார் 1,980 கோடி டாலர். 2020 ஜூலை 13-ம் தேதியோடு ஏலம் போன பகுதியில் மைக்குகளுக்கு மறுபடி தடை. பத்து வருஷத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை சட்டத்தை மதித்துக் காசைக் கொட்டிப் புதுசு வாங்கினானே, அவன்தான் இரண்டாவது தடவையும் அடி வாங்கினான். இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தேதியில் கொரோனாவால் பிராட்வே அரங்குகளே பூட்டிக் கிடந்தன. பேச ஆளில்லாத மேடையில் பேசக் கூடாத மைக். பிரிட்டனில் இதே மாதிரி அலைவரிசையை எடுத்துக்கொண்டபோது, பழைய செட்டை ஒப்படைத்தவர்களுக்கு அரசாங்கம் ஓரளவு நஷ்டஈடு கொடுத்தது. அமெரிக்காவில் மைக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது நோட்டீஸ் மட்டும்தான்.

விசுவநாததாஸை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான். அவர் குரலை நிறுத்த போலீஸ்காரர் கொட்டகைக்கு வர வேண்டியிருந்தது. இப்போது தேசம் முழுக்க மைக்கை நிறுத்த, வாஷிங்டனில் ஒரு காகிதம் போதும்.

நம் நாட்டில் என்ன நிலவரம்? 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஜியோ வாங்கியது. 600-க்கும் ஏலம் வைத்தார்கள், கேட்க ஆள் வரவில்லை. சரி, அண்ணாச்சியின் தீப்பெட்டி மைக் எங்கே ஓடுகிறது? 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற பட்டையில். இதற்கு இந்தியாவில் 2005-லிருந்து லைசென்ஸ் வேண்டாம். கிராமத்து பாஷையில் சொன்னால், செல்போன் கம்பெனிகள் ஏலம் எடுத்திருப்பது பட்டா நிலம். இது புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் ஆடு கட்டலாம். அதனால் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, ரிமோட் பொம்மை, மைக் எல்லாம் ஒரே மேய்ச்சல்.

காலையில் கடையில் சோதித்துப் பார்த்தால் அருமையாகக் கேட்கும். ஏனென்றால் அங்கே அண்ணாச்சியும் மகனும் மட்டும்தான். பொங்கல் ராத்திரி ஆயிரம் பேர் ஆயிரம் போனோடு வந்து நின்றால்? போதாததற்கு மனுஷ உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் நன்றாகவே குடிக்கும். கூட்டம் நெருக்கினால் மைக்குக்கும் கருவிக்கும் நடுவே ஒரு தண்ணீர்ச் சுவர் எழுந்த மாதிரி. வில்லுப்பாட்டுக்காரரின் வார்த்தையை மைக் விழுங்கவில்லை. ஊர்தான் விழுங்கியது!

* * *

நான் காலேஜில் காமர்ஸ் படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள், எனக்கு மட்டுமா அந்தத் தண்டனை? வருமான வரிக் கணக்கில் பொதுவான மெஷின் என்றால் வருஷத்துக்கு 15 சதவிகிதம், கம்ப்யூட்டர் என்றால் 40 சதவிகிதம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாடத்தில் ஓரமாக ஒரு வரி வரும். உழைத்துத் தேய்வது ஒன்று, தேயாமலே உதவாமல் போவது இன்னொன்று. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. அண்ணாச்சியின் அலமாரியில் மூன்று டப்பாவும் அந்த இரண்டு மார்க் வகை.

எவ்வளவு வேகம் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ரோடு கம்பெனி 2019-ல் 'வயர்லெஸ் கோ' என்ற குட்டி மைக்கை விட்டது. 2021-ல் அதன் இரண்டாவது. 2023-ல் 'புரோ'. டிரோன் செய்கிற சீனக் கம்பெனி டிஜேஐ 2021-ல் மைக்கை அறிவித்தது. 2024 ஜனவரியில் 'மைக் 2', அதே வருஷம் நவம்பரில் 'மினி', 2025 ஆகஸ்டில் 'மைக் 3'. பெரிய கம்பெனிகளே இந்த ஓட்டம் என்றால், இவற்றைப் பார்த்துக் காப்பியடிக்கிற பெயர் தெரியாத சரக்குகளை யார் எண்ணுவது? போனும் சும்மா இல்லை. ஐபோனில் 2012-லிருந்து இருந்த சொருகி வடிவம், 2023 செப்டம்பரில் மாறியது. ஐரோப்பாவில் எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜர் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் நிழல் தாயில்பட்டி அலமாரியில், முதல் டப்பா மேல் வந்து விழுகிறது.

'அடுத்த மாடல்' என்ற இந்தச் சமாச்சாரத்துக்கு ஒரு மனிதரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் வளர்ந்தது எங்கே தெரியுமா? நம்ம திருவண்ணாமலையில்!

ஆடம் ஆஸ்பர்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன், ரமண மகரிஷியின் பக்தர். மகரிஷியைப் பற்றி இங்கிலீஷில் புத்தகங்கள் எழுதியவர். யுத்தத்தில் அப்பாவை ஜப்பான்காரர்கள் பாங்காக்கில் சிறைவைக்க, அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்து நிழலில் இருந்தார்கள். அப்படி வளர்ந்த பையன் பிற்பாடு அமெரிக்கா போய், 1981-ல் 'ஆஸ்பர்ன் 1' என்ற கம்ப்யூட்டரை விட்டார். கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம். எடை 11 கிலோ! திரை வெறும் 5 அங்குலம். விலை 1,795 டாலர். ஆனாலும் பிய்த்துக்கொண்டு போயிற்று. உச்சத்தில் மாசத்துக்கு 10,000 கம்ப்யூட்டர் விற்றது.

1983-ல், இதைவிடச் சிறப்பான அடுத்த கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பத்திரிகைக்காரர்களிடம் காட்டினார். கையில் சரக்கு தயாராகும் முன்பே. என்ன ஆகும்? நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். 'புதுசு வருதாமே, கொஞ்சம் பொறுப்போம்.' டீலர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள். பழைய சரக்கு தேங்கியது. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால். அடுத்ததைப் பற்றிப் பேசி இருப்பதைக் கெடுத்துக்கொள்வதை, மேனேஜ்மென்ட் வகுப்பில் இன்றும் 'ஆஸ்பர்ன் எஃபெக்ட்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். போட்டிக் கம்பெனிகள், உள்ளே நிர்வாகக் குளறுபடி என்று வேறு காரணங்களும் இருந்ததாகச் சிலர் வாதாடுகிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்த ஆஸ்பர்ன், 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

நான் பார்த்தவரையில், ஆஸ்பர்ன் விஷயத்தில் ஒரு நேர்மை இருந்தது. 'அடுத்தது வருகிறது' என்று சொன்னால் சொன்னவன் அடிபட்டான். வாங்கப்போகிறவனுக்குக் காத்திருக்க ஒரு வாய்ப்பாவது கிடைத்தது. பிற்பாடு வந்த கம்பெனிகள் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டன. மூச்சு விடாது. நேற்றுவரை பழசை முழு விலைக்கு விற்கும். இன்று காலையில் புதுசு. அடி யாருக்கு? நேற்று சாயங்காலம் வாங்கியவனுக்கு. ஆஸ்பர்ன் கட்டிய நஷ்டத்தை இப்போது நீங்களும் நானும் தாயில்பட்டி அண்ணாச்சியும் சில்லறையாகப் பங்குபோட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த விஷயத்தில் சிவகாசிக்காரர்கள் புண்ணியவான்கள். வருஷா வருஷம் தீபாவளிக்குப் புது ரகம், புதுப் பெயர், புது லேபிள் என்று இறக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் 'போன வருஷம் வாங்கினது பழசாப் போச்சே' என்று எவனாவது வருத்தப்பட்டிருக்கிறானா? அது போன வருஷமே வெடித்துத் தீர்ந்துவிட்டது.

* * *

கிளம்பும்போது அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீங்க மதுரை வழியாத்தான போறீக?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

"அந்தக் கடையில ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. எங்க அப்பா மைக்கு கெடக்கான்னு. கழுத்துல செவப்புப் பெயிண்டுல அவுக பேரு முதலெழுத்து போட்டிருக்கும். இருந்தா ஒரு போன் போடுங்க. வெல எம்புட்டுச் சொன்னாலும் பரவால்ல."

"தவணை வேற ஓடுதே அண்ணாச்சி..."

"அது பாட்டுக்கு ஓடட்டும். சித்திரைக்கு மூணு கல்யாணம் பேசியிருக்கேன்ல."

போனேன். கடையின் பின்பக்கம் பழைய சாமான்கள் மலையாகக் கிடந்தன. ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள், நசுங்கிய குழாய்கள், ஸ்டாண்டுகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் கடைப் பெயரையோ, குலசாமி பெயரையோ பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்கள். கார்டுலெஸ் மைக் டப்பாக்கள் மட்டும் ஒரு கோணிப்பை நிறைய இருந்தன. அரைமணி நேரம் தேடினேன். ஒயர் மைக் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"ஒயர் மைக்கா சார்? அது வந்த அன்னைக்கே போயிருமே! அதுக்குத்தான் இப்போ கிராக்கி" என்றவர், கோணிப்பையைக் காட்டி, "இது வேணும்னா எடைக்குத் தாரேன், எடுத்துக்கறீங்களா?" என்றார்.